சில்வருக்கு ஒத்த சொல்

அந்த மண்டபத்தில் யோகலிங்கத்தின் கைதான் வேகமான கை. ஒரு விடைத்தாளைத் திருத்தி முடிக்க மற்றவர்களுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அவனுக்கு ஆறு நிமிடம். புரட்டுவான், சரி போடுவான், கீறுவான், கூட்டுவான், அடுத்ததை எடுப்பான். மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் ஐந்து பொதிகளைக் கட்டி அரக்கு வைக்கக் கொடுத்துவிட்டான். பொதிக்கு நாற்பது தாள். மற்ற மேசைகளில் ஒரு பொதிகூட இன்னும் அரக்கைக் காணவில்லை.

"தம்பிக்கு உள்ளுக்கு மோட்டர் பூட்டியிருக்கு," என்றார் எதிரே இருந்த தாஹிர். கிண்ணியாவில் இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். "கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தினாக் காணும், இன்னும் ஒரு மாவட்டத்தத் திருத்தித் தருவார்."

"சும்மா இருங்க சேர்," என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த றுக்கியா ரீச்சர். "அவர் தன்ட பாட்டில செய்யட்டும்."

றுக்கியா ரீச்சருக்கு விஷயம் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் யோகலிங்கத்தின் மனைவி இராசமலர் இறந்துபோனாள். அவனுக்கு முப்பத்தொரு வயது. அன்றிலிருந்து அவன் எல்லாவற்றையும் வேகமாகத்தான் செய்தான். வேகமாகச் சாப்பிட்டான். பாலையூற்றிலிருந்து வேகமாகச் சைக்கிள் மிதித்தான். சோதனைச் சாவடியில் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டினான். எதிலும் நின்றுவிடாமல் இருந்தால் நாள் எப்படியோ முடிந்துவிடும் என்று கண்டுபிடித்திருந்தான்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. சண்டையால் ஆசிரியர்கள் விட்டுப்போன ஊர்களில், அந்தந்த ஊரில் ஓரளவு படித்தவர்கள் சம்பளமில்லாமல் பள்ளிக்கூடங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். தொண்டர் ஆசிரியர் என்று பெயர். அவர்களை நிரந்தரமாக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். ஆங்கிலத்தில் நாற்பது புள்ளி எடுக்காவிட்டால் மற்றப் பாடங்களில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. மூதூரிலிருந்து லாஞ்சுப் படகிலும் குச்சவெளியிலிருந்து பஸ்ஸிலும் வந்த விடைத்தாள்கள், துறைமுகத்தைப் பார்த்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எட்டு மேசைகளில் குவிந்து கிடந்தன. ஜன்னலால் பார்த்தால் கடற்படைப் படகுகள் தெரியும். யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் காவலரணில் நிற்பவனும் திரும்பிப் பார்ப்பான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எல்லாப் பொதிகளும் மூடப்பட வேண்டும் என்பது கட்டளை.

மூன்றாம் பகுதியில்தான் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். பத்து ஆங்கிலச் சொற்கள். ‘ஒவ்வொன்றுக்கும் ஓசையால் ஒத்த வேறோர் ஆங்கிலச் சொல்லை எழுதி, அச்சொல்லின் பொருளைத் தமிழில் தருக.’ சொல்லுக்கு ஒரு புள்ளி, பொருளுக்கு ஒரு புள்ளி. சொல் பிழைத்தால் பொருளைப் பார்க்கத் தேவையில்லை என்று புள்ளித்திட்டம் சொன்னது. லெட்டருக்கு பெட்டர் என்று எழுதி, ‘மேலான’ என்று பொருள் எழுதினால் இரண்டு புள்ளி. டேபிளுக்கு கேபிள். நம்பருக்கு லம்பர். ஏழாவது சொல் சில்வர். திட்டத்தில் அதற்கு நேரே ‘பொருத்தமான எந்த விடையும்’ என்று மட்டும் இருந்தது.

"சில்வருக்கு என்ன ரீச்சர் வரும்?" என்று முதல் நாளே தாஹிர் கேட்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்டும் வராது."

"அப்ப கேள்வி போட்டவருக்கு?"

"அவருக்கு வந்திருந்தா எழுதியிருப்பார்தானே."

"இங்கிலீஷ்காரனுக்கே வராதத மூதூர் ஆக்களிட்டக் கேட்டிருக்கிறாங்க. இஞ்ச ஒருத்தன் ரிவர் எண்டு எழுதியிருக்கிறான். கிட்டத்தட்ட ஒத்துத்தானே கிடக்கு? அரைப் புள்ளி குடுப்பமா?"

"கிட்டத்தட்ட எண்டு திட்டத்தில ஒரு வரியும் இல்லை சேர்."

யோகலிங்கம் அந்தப் பேச்சில் சேரவில்லை. அவனுக்கு அது ஒரு கோடு மட்டும். சொற்கள் ஒத்துவராத தாள் என்றால் மேலிருந்து கீழே ஒரே கோடு, பக்க ஓரத்தில் பூச்சியம். பேராதனையில் ஆங்கிலம் சிறப்புப் பாடமாகப் படித்தவன். பிழையான பத்துச் சொல்லைக் காண அவனுக்கு ஒரு கண்வீச்சுப் போதும்.

மூன்றாம் நாள் பின்னேரம் றுக்கியா ரீச்சர் ஒரு விடைத்தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதை ஒருக்காப் பாருங்க சேர். முப்பத்துமூண்டு நிக்குது. எங்கயாவது ஏழு புள்ளி கிடக்கோ எண்டு பாப்பம்."

"முப்பத்துமூண்டு எண்டா முப்பத்துமூண்டுதான் ரீச்சர்."

"கட்டுரைய வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

‘எனது பாடசாலை’ என்பது தலைப்பு. பெயர் இல்லை, சுட்டெண் மட்டும். வெருகல் பக்கத்து ஊர். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள், ஒவ்வொன்றும் மூச்சுவிட்டு எழுதியதுபோல. என் பாடசாலைக்குக் கூரை அரைவாசி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒன்பது வருடமாக நான் மட்டும் ஆசிரியை. நான் தமிழும் கணக்கும் நன்றாகப் படிப்பிப்பேன். ஆங்கிலம் நானே படித்தேன். வரும் மாசியில் எனக்கு முப்பத்தைந்து வயது. அதன் பிறகு இந்தப் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"எல்லாரும் கடைசித் தரம் எண்டுதான் எழுதுவினம்," என்றார் தாஹிர், எட்டிப் பார்த்து. "நானும் என்ட கலியாணத்துக்கு முதல் அப்பிடித்தான் எழுதினனான்."

"உங்களுக்கு ஆர் சேர் பாஸ் போட்டது?" என்று கேட்டார் ரீச்சர்.

"மாமனார்தான். இண்டைக்கும் அந்தப் பிழைக்கு அழுறார்."

றுக்கியா ரீச்சர் சிரிக்காமல் திட்டத்தை எடுத்து விரித்தார். "மூண்டாம் பகுதியில எட்டுப் பிழை. நீங்க வாசிங்க, நான் திட்டத்தோட பாக்கிறன். எனக்குக் கண் எரியுது."

யோகலிங்கம் வாசித்தான். வாசித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

"லெட்டர், பெட்டர். மேலான."

"சரி."

"பட்டர், கொட்டன். பஞ்சு."

"பிழை."

"சண்டே, மண்டே. திங்கள்."

"சரி."

"ஹாபர், மாபிள். சலவைக்கல்."

"பிழை."

"டேபிள், பேபி. குழந்தை."

"பிழை. என்ன சம்பந்தம் எண்டே விளங்கேல்ல."

"நம்பர், கம்பனி. தொழிற்சாலை."

"பிழை. பொருளும் பிழை."

"சில்வர், வில்லேஜ். கிராமம்."

அவன் நின்றுவிட்டான்.

"என்ன?"

அவன் பட்டியலின் மேலே போய்த் திரும்ப வாசித்தான். இந்தமுறை பொருளை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும், கொஞ்சம் உரத்து. பட்டர், கொட்டன். ஹாபர், மாபிள். டேபிள், பேபி. நம்பர், கம்பனி. சில்வர், வில்லேஜ். விண்டர், பண்டில். லேடி, ரேடியோ. பொக்கெட், பக்கெட். மூன்று நாளாகக் கண்ணால் பார்த்துக் கீறிய ஒன்று இப்போது வாயில் ஓடியது. முதல் எழுத்துக் குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில். இரண்டாம் எழுத்து ஒவ்வொரு சோடியிலும் ஒன்றி நின்றது. ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

"ரீச்சர்," என்றான். "இவ சும்மா எழுதேல்ல. எதுகை எழுதியிருக்கிறா."

றுக்கியா ரீச்சர் திட்டத்தைக் கீழே வைத்தார். தாஹிரும் பேனையை வைத்துவிட்டு, தானே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஹாபர், மாபிள். ஹாபர், மாபிள்.

"அட," என்றார். "பள்ளிக்கூடத்தில எங்களுக்கும் இதைத்தானே அடிச்சுப் படிப்பிச்சவங்க. ஓசை ஒத்த சொல் எண்டாத் தமிழாளுக்கு முதல்ல எங்க காது போகும்? தலைப்பக்கம்தான். இங்கிலீஷ்காரனுக்கு வால்ப்பக்கம்."

"கேள்வியில வால் எண்டு சொல்லேல்லயே," என்றார் றுக்கியா ரீச்சர் மெதுவாக.

"சொல்லேல்ல."

"இதுக்கு முதல் இப்பிடி ஏதும் கண்டனீங்களா சேர்?"

தாஹிர் தன் பொதியைப் புரட்டத் தொடங்கினார். யோகலிங்கத்துக்குப் புரட்ட ஒன்றும் இல்லை. அவனுடையவை அரக்கு வைத்து அடுக்கியாயிற்று. அந்த இருநூறு தாள்களில் எத்தனையில் மேலிருந்து கீழே கோடு கிழித்தான் என்று நினைத்துப் பார்த்தான். முப்பதா, அறுபதா தெரியவில்லை. ஒரு சொல்கூட நினைவில் இல்லை. ஏனென்றால் அவற்றை அவன் வாசிக்கவில்லை. கோடு போட்டது நினைவிருந்தது. கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பது தெரியவில்லை.

இராசமலருக்குக் காய்ச்சல் கண்ட அன்று, கடைத்தெருவில் ஒரு டிஸ்பென்சரிக்குத்தான் கூட்டிப் போனான். வாங்குகளில் ஐம்பது பேர். மருந்தெழுதும் மனிதர் துண்டில் எழுதிக்கொண்டே, "மூண்டு நாளையில விட்டிடும்," என்றார். நாலாம் நாள் மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று சொன்னார்கள். யோகலிங்கம் அந்த மனிதரிடம் கோபப்படவில்லை. ஐம்பது பேர், ஒரே ஒருவர், என்ன செய்ய ஏலும் என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். அந்த மனிதரின் உச்சந்தலை மட்டும் அவனுக்கு நினைவிருந்தது. முகம் இல்லை. அவர் நிமிரவில்லை.

அவன் விடைத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

தலைமைப் பரீட்சகர் இராசதுரை மண்டபத்தின் மேல்முனையில் தனிமேசையில் இருந்தார். ஓய்வுபெற்ற அதிபர். அரக்கையும் நெருப்புப்பெட்டியையும் வேறு யாரையும் தொடவிடமாட்டார். யோகலிங்கம் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு விடைத்தாளை வாங்கி, உதட்டை அசைத்து ஒருமுறை வாசித்தார்.

"கெட்டிக்காரி," என்றார். "ஆனா தம்பி, இது இங்கிலீஷ் சோதனை. எதுகைக்குப் புள்ளி போட்டன் எண்டு நாளைக்கு ஆராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"பொருள் சரிதானே சேர். கொட்டன் எண்டாப் பஞ்சுதான். ரேடியோ எண்டா வானொலிதான். சொல் தெரியாமல் பொருள் எழுத ஏலாது."

"சொல் பிழைச்சாப் பொருளுக்கு இல்லை எண்டு திட்டம் சொல்லுது."

"சொல் பிழை எண்டு கேள்வி சொல்லேல்ல சேர். ஓசையால ஒத்த எண்டு மட்டும்தான் கேட்டது. எந்த இடத்தில ஒத்த எண்டு கேக்கேல்ல."

இராசதுரை அவனை நிமிர்ந்து பார்த்தார். மூன்று நாளில் இந்தப் பெடியன் இவ்வளவு கதைத்து அவர் கேட்டதில்லை.

"சில்வருக்கு?" என்றார்.

"பொருத்தமான எந்த விடையும் எண்டு கிடக்கு. எட்டு மேசையிலயும் ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்ல. இவவுக்கு வந்திருக்கு."

பின்னால் வந்து நின்ற தாஹிர், "அது உண்மை சேர்," என்றார். "நான் மூண்டு நாளா அந்தச் சொல்லோட படுத்தெழும்பிறன்."

இராசதுரை கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு புள்ளித்திட்டத்தின் ஓரத்தில் நீலப் பேனையால் எழுதினார். தலையில் ஒத்த சொல்லுக்குச் சொற்புள்ளி இல்லை. பொருள் சரியாயின் பொருட்புள்ளி உண்டு. ஏழாவதற்கு இரண்டும் உண்டு. கையெழுத்துப் போட்டார்.

தாஹிரோடு வந்திருந்த றுக்கியா ரீச்சர் அந்த இடத்திலேயே நின்று கூட்டினார். எட்டில் ஏழு பொருள் சரி. சில்வருக்கு இன்னொன்று. "நாப்பத்தொண்டு," என்றார். இரண்டாம் தரமும் கூட்டினார். "நாப்பத்தொண்டுதான்."

"எல்லா மேசைக்கும் போய்ச் சொல்லுங்கோ," என்றார் இராசதுரை. "மூடாத பொதியள் எல்லாத்திலயும் மூண்டாம் பகுதிய ஒருக்காத் திரும்பப் பாக்கட்டும்."

மற்ற இருவரும் போனார்கள். யோகலிங்கம் போகவில்லை.

"என்ன தம்பி?"

"என்ட அஞ்சு பொதியும் மூடியாச்சு சேர்."

இராசதுரை பின்னால் அலுமாரியைப் பார்த்தார். ஐந்தும் அங்கே அடுக்கியிருந்தன. முழு மண்டபத்திலும் மூடப்பட்டவை அவை மட்டும்தான்.

"அதுதான் பிரச்சினை," என்றார். "உடைக்கிறதுக்குக் காரணம் எழுத வேணும். திட்டம் மாறினது எண்டு எழுதினா, திட்டம் போட்டவைக்குக் கடிதம் போகும். அவை கூட்டம் வைப்பினம். மூண்டு மாசம் இழுபடும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் நியமனம் இல்லை. நீர் கொண்டுவந்த அந்தப் பிள்ளைக்கும்தான்."

"வேற என்ன காரணம் எழுதலாம் சேர்?"

"பரீட்சகர்ட பிழை எண்டா நான் இண்டைக்கே உடைக்கலாம். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனாப் பரீட்சகர் தன்ட கையால எழுதித் தர வேணும். அது உம்மட சுயவிபரக் கோவைக்குப் போகும். பிறகு ஒரு சோதனைக்கும் உம்மைக் கூப்பிடாயினம். நீர் உதவிப் பணிப்பாளர் பதவிக்குப் போட்டு, அடுத்த வருசம் நேர்முகம் எண்டு கேள்விப்பட்டன். அந்த நேர்முகத்திலயும் அந்தக் கடிதம் மேசையில கிடக்கும்."

அந்த விண்ணப்பத்தை நிரப்பியதுகூட இராசமலர்தான். அவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

"ஆரும் உம்மட பொதியளைப் பற்றிக் கேக்கப்போறதில்லை தம்பி," என்றார் இராசதுரை, குரலைத் தாழ்த்தி. "திட்டத்தின்படிதான் திருத்தினனீர். நான் பிழை சொல்லமாட்டன். இதுக்குள்ள எத்தினை பேர் தப்புவினம் எண்டும் தெரியாது. ஒருத்தரும் இல்லாமலும் போகலாம்."

"தெரியாதுதான் சேர். அதுதான் பிரச்சினை."

எட்டு மாதமாக எதிலும் அவனுக்கு வேண்டும் என்று ஒன்று இருக்கவில்லை. பதவி போனால் போகட்டும் என்று எளிதாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் இராசதுரை தந்த வெள்ளைத் தாளில் பேனையை வைத்தபோது கை நகரவில்லை. அந்தப் பதவி தனக்கு வேண்டியிருக்கிறது என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கொழும்புத் தபாலில் வந்த அந்தப் படிவத்தின் முன்னால் இராசமலர் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்ததும், தகைமைகள் என்ற இடத்தில் அவனுடைய மூன்று வரியை ஏழு வரியாக நீட்டி எழுதியதும் ஞாபகம் வந்தது. நெஞ்சு வலித்தது. பல மாதங்களுக்குப் பிறகு எங்கே வலிக்கிறது என்று அவனால் சொல்லமுடிந்தது.

"கவனக்குறைவு எண்டு எழுதும்," என்றார் இராசதுரை. "அது பெரிய சொல் இல்லை. எல்லாருக்கும் வாறதுதான்."

யோகலிங்கம் எழுதினான். ‘மேற்படி ஐந்து பொதிகளின் மூன்றாம் பகுதியை வாசிக்காமல் திருத்தினேன்.’ திகதி போட்டான். கையெழுத்திட்டான்.

இராசதுரை அதை இரண்டு தரம் வாசித்தார். "பிடிவாதக்காரன்," என்றார். ஆனால் திருத்தச் சொல்லவில்லை. எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து முதல் பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிறிய கத்தியால் அரக்கை நெம்பினார். சிவப்புத் துண்டுகள் மேசையில் சிதறின.

"சிவப்புப் பேனைய இங்க வையும். இனி நீர் புள்ளி போடேலாது. றுக்கியா ரீச்சர் போடட்டும். நீர் வாசியும்."

அப்படித்தான் நடந்தது. புதன் பின்னேரமும் வியாழன் முழுவதும் யோகலிங்கம் வாசித்தான், றுக்கியா ரீச்சர் திருத்தினார். தன் கோட்டுக்கு அடியில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தான். எல்லாம் எதுகை இல்லை. ஒருவர் பத்துக்கும் ஒரே சொல்லை எழுதியிருந்தார். ஒருவர் ஹாபருக்கு நேரே ஆங்கில எழுத்தில் ‘துறைமுகம்’ என்று எழுதியிருந்தார். அதற்குத் தாஹிர் எழுந்து நின்று சலாம் வைத்தார். ஆனால் பொதிக்குப் பொதி வந்துகொண்டுதான் இருந்தன. டேபிளுக்கு ரேபிஸ், விசர்நாய் நோய். பட்டருக்குக் கட்டர், வெட்டுவது. அது இரண்டு பக்கத்தாலும் சரி, வேகத்தில் அதையும் சேர்த்துக் கீறியிருந்தான். லேடிக்கு மறுபடியும் ரேடியோ, வேறொரு ஊரிலிருந்து, வேறொரு கையெழுத்தில். வாசிக்கும்போது அவர்களின் ஊர்களும் கட்டுரைகளும் கண்ணில் பட்டன. கிணறு பற்றி, இடம்பெயர்ந்த பிள்ளைகள் பற்றி, ஒரே ஒரு கரும்பலகை பற்றி.

வியாழன் பின்னேரம் அவனுக்குக் குரல் கட்டிவிட்டது. றுக்கியா ரீச்சர் தன் போத்தலில் இருந்த கொத்தமல்லித் தண்ணீரை மூடியில் ஊற்றி நீட்டினார்.

"நாளைக்கு நான் வாசிக்கட்டா சேர்?"

"இல்லை ரீச்சர். நான்தான் வாசிக்க வேணும்."

வெள்ளி பத்து மணிக்கு ஐந்தாம் பொதியில் பாதி தாண்டியிருந்தது. அதுவரை நாற்பத்துநாலு பேருடைய புள்ளி கூடியிருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர். அடுத்த தாளில் எதுகை எழுதியவர் ஒரு ஆண், குச்சவெளிப் பக்கம். ஆறு சோடி, ஆறும் பிசகாமல். யோகலிங்கம் வாசித்தான். றுக்கியா ரீச்சர் கூட்டினார். கூட்டி முடித்த பின்னும் தலை தூக்கவில்லை.

"எவ்வளவு ரீச்சர்?"

"முப்பத்தெட்டு."

"திரும்ப வாசிக்கிறன்."

திரும்ப வாசித்தான், முதல் பகுதியிலிருந்து, ஒவ்வொரு விடையாக. தாஹிர் தன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுரையையும் வாசித்தான். அந்த மனிதர் தன் பாடசாலையில் காலையில் மணி அடிப்பதில்லை, சத்தத்துக்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள், அதனால் கை தட்டுவோம் என்று எழுதியிருந்தார். றுக்கியா ரீச்சர் மறுபடியும் கூட்டினார்.

"முப்பத்தெட்டுத்தான் சேர். நான் என்ன செய்ய?"

"ஒண்டும் செய்யேலாது ரீச்சர்."

அவன் அந்தத் தாளை உடனே பார்த்து முடித்தவற்றின் மேல் வைக்கவில்லை. சுட்டெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக வைத்தான். இன்னும் பதினெட்டுத் தாள்கள் இருந்தன. நாலு மணிக்கு நேரம் கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததை எடுத்தான்.